20000 என்று போட்டிருந்தால் 20000 இருக்குமா?
(சைக்கிள் கியரும் பவர் பேங்க்கும்)

போன மாசம் இதே பலகையில் 'அ' பிரிவுக்காரங்க காற்றாலையைப் பற்றி எழுதியிருந்தாங்க. நான் இந்த மாசம் மின்கலத்தைப் பற்றி எழுதறேன். ஆனா இதுக்கும் காத்துதான் காரணம்.

ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை. பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. பல்லடம் - காங்கயம் ரோட்டில் இருக்கிற எங்க அம்மிச்சி கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட் போட்ட ஒரு அண்ணன் சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்தார். "ஏனுங்கம்மா, சார்ஜ் போட ஒரு பிளக் கிடைக்குங்களா?" என்றார். "கரண்ட் அஞ்சு மணிக்குத்தான் வருமுங்க. செல்லுக்குங்களா?" என்று அம்மிச்சி கேட்டாங்க. "இல்லீங்க, சைக்கிள் கியருக்கு" என்றார்.

நான் சிரிச்சுட்டேன். நீங்களும் சிரிப்பீங்க. ஆனா அது உண்மைதான். நம்ம ஊரில் பார்க்கிற கியர் சைக்கிளில் ஒரு கம்பி போகும். லீவரைத் தள்ளினால் கம்பி இழுத்து, செயினை வேறு பல்சக்கரத்துக்கு மாற்றும். இந்த சைக்கிளில் அந்த வேலையைச் சின்ன மோட்டார் செய்யுது. கைப்பிடியில் இருப்பது பொத்தான் மட்டும்தான். ஜப்பான் நாட்டு ஷிமானோ கம்பெனி 2009-ஆம் ஆண்டு 'டிஐ2' என்ற பெயரில் இதைக் கொண்டு வந்தது. 2015-இல் அமெரிக்காவின் ஸ்ராம் கம்பெனி ஒயரே இல்லாத கியரை வெளியிட்டது.

அந்த அண்ணன் காலையில் கோயம்புத்தூரில் கிளம்பி, மேற்குக் காத்து முதுகில் தள்ளத் தள்ள வெள்ளகோவில் வரைக்கும் போயிருக்கார். பின்சக்கரத்தில் செயின் சின்னப் பல்லில் இருந்தது. அது வேகமாப் போறதுக்கான கியர். திரும்பும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நேரா நெஞ்சில் அடிக்குது. பெரிய பல்லுக்கு மாத்தினாத்தான் மிதிக்க முடியும். பொத்தானை அமுக்கினா கியர் அசையலை. சார்ஜ் தீர்ந்தால் கியர் கடைசியா எதில் இருந்ததோ அதிலேயே நின்னுடும். போன வாரமே சார்ஜ் போட மறந்துட்டாராம். வீட்டுக்கு இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேலே இருந்தது.

அவர்கிட்ட யூஎஸ்பி ஒயர் இருந்தது. எங்க வீட்டில் அம்மாவோட பவர் பேங்க் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். செருகினோம். கியரில் விளக்கு எரிஞ்சுது. அரை நிமிஷம்தான், பவர் பேங்க் தானா அணைஞ்சு போச்சு. திரும்ப அமுக்கினோம், திரும்பவும் அணைஞ்சுது. "உங்க பவர் பேங்க் போச்சுங்க போல" என்றார்.

கெட்டுப் போகலை என்று எனக்குத் தெரியும். ஏன்னா எங்க அண்ணனோட காதுல மாட்டற சின்ன ஹெட்போனுக்குப் போட்டாலும் இப்படித்தான் அணையும். பவர் பேங்க்குக்குள் ஒரு சின்னச் சுற்று இருக்கு. வெளியே போகிற மின்னோட்டம் ரொம்பக் குறைவா இருந்தா, 'சார்ஜ் முடிஞ்சுடுச்சு' என்று நினைச்சு அது மூடிக்கும். அடியோடு தீர்ந்துபோன லித்தியம் மின்கலத்துக்கு முதலில் மெதுவாகத்தான் சார்ஜ் ஏத்துவாங்க. வேகமா ஏத்தினா மின்கலம் கெட்டுடும். அந்த மெதுவான மின்னோட்டம் பவர் பேங்க்குக்குப் போதலை.

நான் அம்மிச்சியோட செல்லை இன்னொரு ஓட்டையில் செருகினேன். ரெண்டும் சேர்ந்து இழுத்ததும் பவர் பேங்க் அணையாம நின்னுது. (அந்த அண்ணன் கை தட்டினார். அம்மிச்சி எனக்கு ஒரு கடலை மிட்டாய் குடுத்தாங்க.)

சார்ஜ் ஏறும்போது நான் பெருமையா ஒரு கணக்கு சொன்னேன். "உங்க கியர் மின்கலம் எவ்வளவுங்கண்ணா?" என்றேன். "500 எம்.ஏ.எச்." என்றார். எங்க பவர் பேங்க்கில் 20000 என்று பெருசா போட்டிருக்கு. "அப்ப 40 தடவை சார்ஜ் போடலாம்!" என்றேன். "அப்படி வகுக்கக் கூடாது அம்மணி, வோல்ட்டைப் பாரு" என்றார். அவருக்கு நேரமாச்சு. இருபது நிமிஷம் போட்டுட்டு, கியர் 'டிக் டிக்'கென்று மாறுதா பார்த்துட்டுக் கிளம்பிட்டார்.

திங்கட்கிழமை அறிவியல் டீச்சரைக் கேட்டேன். டீச்சர் நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டியைக் காட்டினாங்க. எம்.ஏ.எச். என்பது மில்லி ஆம்பியர் மணி. அது தொட்டியில் எவ்வளவு தண்ணி இருக்கு என்பது மாதிரி. வோல்ட் என்பது தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கு என்பது மாதிரி. ரெண்டையும் பெருக்கினால்தான் அது எவ்வளவு வேலை செய்யும் என்று தெரியும். அதுக்கு வாட் மணி என்று பேர்.

பவர் பேங்க்குக்குள் இருக்கிற லித்தியம் அயனி மின்கலம் 3.7 வோல்ட். (இந்த மின்கலத்தை 1991-இல் சோனி கம்பெனி முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைச்சுது.) டிஐ2 கியருக்கு இப்படி ரெண்டைத் தொடரிணைப்பில் வைத்து 7.4 வோல்ட் ஆக்கியிருப்பாங்க. இப்ப கணக்கைப் பாருங்க.

பவர் பேங்க்: 20 ஆம்பியர் மணி × 3.7 வோல்ட் = 74 வாட் மணி.
கியர்: 0.5 ஆம்பியர் மணி × 7.4 வோல்ட் = 3.7 வாட் மணி.
74 ÷ 3.7 = 20 தடவை.

நான் சொன்ன 40 அப்பவே பாதியாப் போச்சு. இன்னும் இருக்கு. பவர் பேங்க் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டா ஏத்தித்தான் வெளியே விடும். கியரின் சார்ஜர் அதை 8 வோல்ட்டுக்கு மேலே ஏத்தும். ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் கொஞ்சம் வெப்பமாப் போயிடும். தொட்டுப் பார்த்தாலே சுடும். பத்தில் மூணு பங்கு போனதா வச்சுக்கிட்டா மிச்சம் 14 தடவை.

இதோட முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். எங்க பவர் பேங்க் அம்மாவோட செல்லை ஒரு தடவைகூட முழுசா ஏத்தாது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போறாங்க. ஒன்றரை ஷிப்ட் ஓடினா வர ராத்திரி ஒன்பது ஆகும். ஒருநாள் வேன் ரிப்பேராகி நடுவழியில் நின்னுடுச்சு. அம்மா செல் ஆஃப், பவர் பேங்க்கும் தீர்ந்து போச்சு. பத்தரை மணி வரைக்கும் நானும் அம்மிச்சியும் பஸ் ஸ்டாப்பில் நின்னோம். அப்ப 'செல் பழசு' என்றுதான் நினைச்சோம்.

இப்ப சோதனை செஞ்சேன். பவர் பேங்க்கை முழுசா சார்ஜ் போட்டு, செல்லை அணைச்சு வச்சு ஏத்தினேன். 15-இல் இருந்து 60 சதவீதம் வரைக்கும் ஏறி நின்னுது. செல் மின்கலம் 5000 எம்.ஏ.எச்., 3.85 வோல்ட், அதாவது 19 வாட் மணி. அதில் 45 சதவீதம் சுமார் 8.6. வெப்பமாப் போனதையும் சேர்த்தா பவர் பேங்க்கிலிருந்து போனது 12 வாட் மணி. அதை 3.7-ஆல் வகுத்தா 3300 எம்.ஏ.எச். பக்கம் வருது. 20000 இல்லை, 3300! கியருக்குப் போட்டா ரெண்டு தடவைக்கு மேலே வராது.

டீச்சர் இன்னொரு சுலபமான வழி சொன்னாங்க. எடை போடறது. பவர் பேங்க்கில் போடற உருளை மின்கலம் ஒன்று 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 மில்லிமீட்டர் நீளம், எடை 45 முதல் 50 கிராம். நல்ல உசத்தியான மின்கலத்திலேயே சுமார் 3500 எம்.ஏ.எச். தான் இருக்கும். 20000 வேணும்னா ஆறு மின்கலம் வேணும். மின்கலம் மட்டுமே 270 கிராமுக்குக் குறையாது. எங்க பவர் பேங்க்கை அம்மிச்சி கடைத் தராசில் வச்சேன். டப்பாவோடு சேர்த்து 130 கிராம்! உள்ளே ரெண்டுக்கு மேலே இருக்க வழியே இல்லை. சந்தையில் 350 ரூபாய் கொடுத்து வாங்கினது. அம்மாகிட்ட சொன்னதும் ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "புதுசு வாங்கறப்ப நீயும் வா கண்ணு" என்றாங்க.

வாங்கும்போது பெரிய எழுத்தை விட்டுட்டு, பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று 5 வோல்ட்டுக்கான எண் தனியா இருக்கும். 10000 பவர் பேங்க்கில் அது ஆறாயிரம் சொச்சம் என்று இருந்தா பயப்பட வேண்டாம், உண்மையைப் போட்டிருக்காங்க என்று அர்த்தம். ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்கணும். உப்பிப் போன பவர் பேங்க்கை உபயோகிக்காதீங்க. பிரிச்சு எண்ணிப் பார்க்கறேன் என்று யாரும் இறங்கிடாதீங்க. லித்தியம் தீப்பிடிக்கும். தராசு போதும்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு கட்டம் போட்டிருக்கேன். முதல் வரியில் எங்க பவர் பேங்க்: போட்டிருப்பது 20000, எடை 130 கிராம். மிச்ச வரியெல்லாம் காலியா இருக்கு. உங்க வீட்டுப் பவர் பேங்க்கை அம்மிச்சி கடைக்கு எடுத்துட்டு வாங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேலே நான் அங்கதான் இருப்பேன்.