பழைய டேட்டாபேஸை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

பாத்திர வாடகைக் கடை, மர மில், பள்ளி நூலகம், சின்ன கிளினிக் என்று நம் ஊர்களில் எத்தனையோ இடங்களில் ஒரு பழைய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமோ, மைக்ரோசாஃப்ட் அக்சஸ் ஃபைலோ இன்றும் தினசரி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் யாரோ எழுதிக்கொடுத்தது. மாதச் சந்தா மென்பொருள் விற்பவர் வந்து, "இதெல்லாம் பழசு, உடனே மாற்றுங்கள்" என்கிறார். கல்லாவில் இருப்பவரோ, "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்கிறார். இரண்டில் எதையும் அப்படியே நம்ப வேண்டாம். சோதித்துப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

மென்பொருளின் வயதை வைத்து முடிவெடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. உள்ளே இருக்கும் தகவலை நீங்கள் நினைத்த நேரத்தில், ஒன்று விடாமல், வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அவசரப்பட வேண்டாம். முடியாது என்றால், அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் மாற்றும் வேலையை இன்றே தொடங்க வேண்டும்.

உதாரணத்துக்குப் பாத்திர வாடகைக் கடையையே எடுத்துக்கொள்வோம். தொடங்கும் முன், மென்பொருள் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். இனி வரும் சோதனைகள் எல்லாம் அந்த நகலில்தான்.

படி 1: தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

யார் பதிவு செய்கிறார்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர், எந்த இடத்திலிருந்து, தினமும் எந்த ரிப்போர்ட் வேண்டும்? இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

வாடகைக் கடைக்கு நான்கு டேபிள் போதும்: வாடிக்கையாளர், பொருள் இருப்பு, ஆர்டர், ஒவ்வொரு ஆர்டரிலும் போகும் பொருள்கள். வருடத்துக்கு 500 ஆர்டர், ஒவ்வொன்றிலும் 12 வரி என்று வைத்துக்கொண்டால், 20 வருடத்தில் 1,20,000 வரிகள். ஒரு வரிக்கு 200 பைட் என்றாலும் மொத்தம் 24 எம்பிதான் வரும். அக்சஸ் ஃபைலின் உச்ச வரம்பு 2 ஜிபி. அதில் நூறில் இரண்டு பங்குகூட இது ஆகாது. எனவே இந்த அளவு வேலைக்கு இடம் போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே எச்சரிக்கை, அடையாள அட்டை ஸ்கேனையும் படங்களையும் டேட்டாபேஸுக்குள் ஏற்றாதீர்கள். ஃபைல் ஊதுவது பெரும்பாலும் அதனால்தான். படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, ஃபைலின் பெயரை மட்டும் பதிந்தால் போதும்.

அப்படியானால் எக்செல் போதாதா? ஒரே பட்டியல் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் உங்களிடம் 400 நாற்காலி இருக்கிறது. ஒருவர் 250 நாற்காலியை வெள்ளி மாலை எடுத்து ஞாயிறு காலை திருப்புகிறார். இன்னொருவர் சனிக்கிழமைக்கு மட்டும் 200 கேட்கிறார். இரண்டு ஆர்டருக்கும் தேதி வேறு, ஆனால் சனிக்கிழமை மோதுகிறது. அந்த நாளைத் தொடும் எல்லா ஆர்டரையும் கூட்டி, "150தான் மிச்சம்" என்று சொல்வது டேட்டாபேஸுக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். எக்செலில் அதைப் பிழையில்லாமல் வருடக்கணக்கில் பராமரிப்பது கடினம். முகூர்த்த நாளில் ஏற்படும் குழப்பத்தைத் தடுக்கிறது என்பதே உங்கள் பழைய மென்பொருளின் பெரிய மதிப்பு.

மண்டபத்திலிருந்தே மொபைலில் இருப்பைப் பார்க்க வேண்டும், அல்லது இரண்டு கிளைகள் ஒரே இருப்பைப் பகிர வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தால், மாறுவதற்கு அது நியாயமான காரணம். அக்சஸ் விண்டோஸுக்கானது, ஆண்ட்ராய்டில் ஓடாது.

படி 2: உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

ஃபோல்டரைத் திறந்து ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்.

டி.பி.எஃப். என்று முடிந்தால் டிபேஸ் அல்லது ஃபாக்ஸ்ப்ரோ குடும்பம். ஃபாக்ஸ்ப்ரோவை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9தான் கடைசிப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்துவிட்டது. இனி எந்தத் திருத்தமும் வராது.

எம்.டி.பி. என்றால் 2003 வரையிலான அக்சஸ் வடிவம். ஏ.சி.சி.டி.பி. என்றால் அக்சஸ் 2007 முதல் வந்த வடிவம். அக்சஸ் இன்றும் விற்பனையில் உள்ள மென்பொருள். ஆனால் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கும் அதே நாள்தான்.

ஓ.டி.பி. என்றால் லிப்ரே ஆஃபிஸ் பேஸ். இது இலவசம், இன்றும் பராமரிக்கப்படுகிறது.

படி 3: வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்

இப்போதைய கணினி நாளை எரிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கான ஒத்திகை இது. நகலை வேறு ஒரு புதிய கணினியில் போட்டுத் திறவுங்கள்.

டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ 64 பிட் விண்டோஸில் நேரடியாகத் திறக்காது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருளுக்குள் வைத்து ஓட்டலாம், ஆனால் பிரிண்டருடன் போராட வேண்டியிருக்கும். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியது 32 பிட் நிரல் என்பதால் இன்றைய விண்டோஸிலும் பொதுவாக ஓடுகிறது.

அக்சஸ் 97இல் செய்த எம்.டி.பி. ஃபைலை அக்சஸ் 2013உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் திறக்காது. இடையில் 2003, 2007, 2010 ஆகியவற்றில் ஒன்றில் திறந்து புதிய வடிவத்துக்கு மாற்றிய பிறகே மேலே கொண்டுவர முடியும். அந்தப் பழைய பதிப்பு யாரிடமாவது கிடைக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

ஒவ்வொரு கவுன்டருக்கும் அக்சஸ் வாங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே செய்த டேட்டாபேஸை ஓட்டுவதற்கு அக்சஸ் ரன்டைம் என்ற இலவசப் பதிப்பு உண்டு. படிவங்களை மாற்றியமைக்கும் ஒரு கணினியில் மட்டும் முழுப் பதிப்பு இருந்தால் போதும்.

படி 4: தகவலை வெளியே எடுத்துப் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. நிதானமாகச் செய்யுங்கள்.

அக்சஸில் டேபிளின் மேல் வலது கிளிக் செய்து, எக்ஸ்போர்ட், டெக்ஸ்ட் ஃபைல் என்று போங்கள். அடுத்து வரும் சாளரத்தில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, கோட் பேஜ் என்ற இடத்தில் யூனிகோட் யு.டி.எஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம். டி.பி.எஃப். என்றால் லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் நேரடியாகத் திறந்து சி.எஸ்.வி.யாகச் சேமிக்கலாம். ஃபாக்ஸ்ப்ரோவில் நீளமான குறிப்புகள் எஃப்.பி.டி. என்று முடியும் தனி ஃபைலில் இருக்கும். நகலெடுக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

எடுத்த பிறகு நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

எண்ணிக்கை: டேபிளில் உள்ள வரிகளும் வெளியே வந்த வரிகளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எண்கள்: சி.எஸ்.வி.யை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும், நீளமான எண் சுருங்கித் தெரியும். அப்படியே சேமித்தால் தகவல் கெட்டுவிடும். அந்தப் பத்திகளை டெக்ஸ்ட் என்று அறிவித்து இறக்குமதி செய்யுங்கள்.

தேதி: வருடத்தை இரண்டு இலக்கத்தில் அடிக்கும் பழக்கம் இருந்தால், '30' என்று அடித்துப் பாருங்கள். 2030 வருகிறதா, 1930 வருகிறதா? பல பழைய அமைப்புகள் 29 வரை இந்த நூற்றாண்டாகவும், 30 முதல் போன நூற்றாண்டாகவும் எடுத்துக்கொள்ளும். இப்போதே நான்கு இலக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தமிழ்: பெயர்கள் புரியாத ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தகவல் கெட்டுப்போகவில்லை, டாம், டாப், டிஸ்கி, பாமினி போன்ற பழைய எழுத்துரு முறை ஒன்றில் அது அடிக்கப்பட்டிருக்கிறது. அந்த முறைகளில் கொம்பு முதலில், பிறகு 'க' என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டன. அதனால்தான் கேசவனும் கோவிந்தசாமியும் அகர வரிசையில் 'க'வின் கீழ் வராமல் வேறெங்கோ போய் நிற்கிறார்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் இவற்றை யூனிகோடுக்கு மாற்றலாம். முதலில் இருபது பெயரை மட்டும் மாற்றி, கண்ணால் படித்துப் பார்த்த பிறகு மீதியைச் செய்யுங்கள்.

மாற்றிய யூனிகோட் தமிழைத் திரும்ப ஃபாக்ஸ்ப்ரோவுக்குள் திணிக்க முயல வேண்டாம். அதற்கு யூனிகோட் தெரியாது. யு.டி.எஃப்-8இல் 'கோவிந்தசாமி' என்ற பெயருக்கே 33 பைட் வேண்டும். 30 அகலமுள்ள புலத்தில் கடைசி எழுத்து வெட்டுப்படும். அக்சஸ் 2000 முதல் யூனிகோடை ஏற்கிறது. தமிழில் பதிய வேண்டியவர்களுக்கு ஃபாக்ஸ்ப்ரோவை விட்டு வெளியேற இந்த ஒரு காரணமே போதும்.

படி 5: பழுது வராமல் பார்த்துக்கொள்ள முடிகிறதா?

அக்சஸ் ஏட்டளவில் ஒரே சமயத்தில் 255 பேரை அனுமதிக்கும். நடைமுறையில் நான்கைந்து பேர் என்றால் நிம்மதி. ஒருவருக்கு மேல் இருந்தால், டேபிள்களை ஒரு ஃபைலிலும் படிவங்களை இன்னொரு ஃபைலிலும் பிரியுங்கள். டேபிள் ஃபைல் ஒரு கணினியில் இருக்கட்டும், படிவ ஃபைல் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். இணைப்பு ஒயர் வழியாக இருக்க வேண்டும். வைஃபை நடுவில் ஒருமுறை அறுந்தாலே ஃபைல் கெடலாம். கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டருக்குள் வைத்து இரண்டு பேர் திறப்பதும் அதே ஆபத்துதான். மாதம் ஒருமுறை, பேக்கப் எடுத்த பிறகு, 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' செய்யுங்கள்.

பேக்கப்பை எல்லோரும் மூடிய பிறகே எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு கணினியில் திறந்து, நேற்றைய ஆர்டர் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எம்.டி.பி.யின் பாஸ்வேர்டை எளிதில் உடைத்துவிடலாம். வாடிக்கையாளரின் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும்போது, ஏ.சி.சி.டி.பி.க்கு மாறி, அதன் குறியாக்கத்துடன் கூடிய பாஸ்வேர்டைப் போடுவதே பொறுப்பு.

படி 6: இதைத் திருத்தத் தெரிந்தவர் யார்?

எழுதிக்கொடுத்தவர் இன்னும் தொடர்பில் இருந்தால், மூல நிரலையும் எல்லா பாஸ்வேர்டுகளையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். ஃபாக்ஸ்ப்ரோவில் பல இடங்களில் ஓடும் எக்ஸ்இ ஃபைல் மட்டுமே இருக்கும். மூலம் இல்லாமல் ஒரு வரியைக்கூட முறையாகத் திருத்த முடியாது. பில்லில் ஒரு புதிய பத்தி சேர்க்க வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதற்கு ஒரு பெயராவது உங்களிடம் இருக்க வேண்டும்.

படி 7: முடிவெடுங்கள்

ஏ.சி.சி.டி.பி. வடிவம், ஒன்றிரண்டு பேர், ஒரே இடம், தகவல் சரியாக வெளியே வருகிறது, திருத்த ஆள் உண்டு என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். செலவு செய்யத் தேவையில்லை.

எம்.டி.பி. அல்லது டி.பி.எஃப். வடிவம், தேவை அதே சிறிய அளவு என்றால், தகவலை மட்டும் புதிய வீட்டுக்கு மாற்றுங்கள். இன்றைய அக்சஸ், அல்லது காசு செலவில்லாத லிப்ரே ஆஃபிஸ் பேஸ். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர் இருந்தால் எஸ்.கியூ.லைட். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இருக்கும் இந்த டேட்டாபேஸை 2050 வரை ஆதரிக்கப்போவதாக அதை உருவாக்குபவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

பல இடங்கள், மொபைல், பலர் ஒரே நேரத்தில் என்றால், மைஎஸ்.கியூ.எல். போன்ற சர்வர் டேட்டாபேஸில் இணைய வழி மென்பொருள் வேண்டும். மாற்றுவதற்கு ஆடி அல்லது மார்கழியைத் தேர்ந்தெடுங்கள். கல்யாணம் குறைவான அந்த மாதத்தில் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி, தினமும் மாலை இருப்பு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகே பழையதை நிறுத்துங்கள்.

காசு கொடுக்கும் முன், புதிய மென்பொருளையும் நான்காம் படியின் சோதனைக்கு உட்படுத்துங்கள். என் எல்லா டேபிள்களையும் நானே சி.எஸ்.வி.யாக எடுக்க முடியுமா? சந்தாவை நிறுத்தினால் எத்தனை நாள்வரை எடுக்கலாம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் உங்கள் இருபது வருடக் கணக்கை ஒப்படைக்காதீர்கள்.