தொட்டிலில் தொடங்கும் காப்பு

நுழையும்முன்
ஒரு நாட்டில் நோய்த்தொற்றுடையோர் எத்தனை பேர் என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய கணக்கு அன்று; அந்நாடு தன் பிள்ளைகளை எவ்வாறு காத்தது என்பதையும் அக்கணக்கு சொல்லும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தொற்றுடன் வாழ்ந்த தைவான் தீவு, தன் அடுத்த தலைமுறையை மீட்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஓசையின்றி உறையும் பகை
கல்லீரலைத் தாக்கும் வைரசுகளுள் ஒன்று ஹெபடைட்டிஸ் பி. இது குருதியின் வழியாகவும் உடல் நீர்மங்களின் வழியாகவும் பரவும். மகப்பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் செல்லும். ஆறு மாதங்களுக்கு மேலும் குருதியில் நீடிப்பின் அதனை நாள்பட்ட தொற்று என்பர். அத்தகையோருள் பலர் பல்லாண்டுகள் எவ்வித நோய்க்குறியும் இன்றி வாழ்வர். சிலர்க்குப் பின்னாளில் கல்லீரல் இறுகிச் செயலிழக்கும். சிலர்க்குப் புற்றுநோய் தோன்றும். எனவே, மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணி இத்தொற்றின் பரவலை அறிய இயலாது. நலமாகத் தோன்றுவோரின் குருதியையும் ஆய்ந்தே அறிதல் வேண்டும்.

தைவான் கண்ட உண்மை
1980களின் தொடக்கத்தில் தைவான் மக்களுள் 15 முதல் 20 விழுக்காட்டினர் இத்தொற்றுடன் வாழ்ந்தனர். இவ்வளவு மிகுதிக்குக் காரணம் யாது? தொற்று எவ்வயதில் நேர்கிறது என்பதே அதற்கு விடை. முதிர்ந்தோரைத் தொற்றினால் நூற்றுவரில் ஐவர்க்கும் குறைவானோரிடமே அது நிலைத்துவிடுகிறது. ஏனையோரின் உடல் கிருமியை வென்றுவிடுகிறது. பச்சிளங்குழந்தைகளைத் தொற்றினாலோ பதின்மரில் ஏறத்தாழ ஒன்பதின்மரிடம் நிலைத்துவிடுகிறது. அக்குழந்தை வளர்ந்து தாயாகும்போது தொற்று அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது.

இச்சங்கிலியை அறுக்க வேண்டிய இடம் தொட்டிலே எனத் தைவான் உணர்ந்தது. 1984ஆம் ஆண்டு சூலையில், தொற்றுடைய தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடத் தொடங்கியது. 1986இல் பிறந்த குழந்தைகள் அனைவர்க்கும் அதனை விரிவாக்கியது. தைபே நகரச் சிறாரிடையே 1984இல் 10 விழுக்காட்டை ஒட்டியிருந்த தொற்று, 1994இல் 1.3 விழுக்காடாகக் குறைந்தது. சிறாரின் கல்லீரல் புற்றுநோயும் குறைந்தது. ஆனால், தடுப்பூசிக்கு முன் பிறந்தோரிடம் பழைய சுமை தொடர்ந்தது. நாடு முழுமைக்கும் ஒரே விழுக்காட்டைக் கூறினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். வயதுவாரியாகப் பிரித்துக் காணும்போதே எண்கள் உண்மையைப் பேசும்.

நம் கடமை
உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு சில இடங்களில் தொடங்கிய இத்தடுப்பூசித் திட்டம் 2011இல் நாடு முழுமைக்கும் விரிந்தது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் இடப்படும் முதல் தவணையே தாய்வழித் தொற்றைத் தடுப்பதில் முதன்மையானது.

இத்தொற்று உடன் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, ஒரே இருக்கையில் அமர்வதாலோ பரவாது. தொற்றுடையவர் பலர் தாம் அறியாத குழந்தைப் பருவத்திலேயே அதனைப் பெற்றவர். அவரை விலக்கி வைத்தல் அறியாமை. அவ்வச்சத்தால் பிறரும் சோதனைக்கு வரத் தயங்குவர். கிருமியைத் தடுக்க ஊசி உண்டு. இவ்வறியாமையைத் தடுக்கக் கல்வியே உண்டு.

தெரியுமா?
ஹெபடைட்டிஸ் பி வைரசைக் கண்டறிய வழிவகுத்த பரூக் புளும்பெர்க் 1976இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அவர் பிறந்த சூலை 28ஆம் நாளே உலகக் கல்லீரல் அழற்சி நாளாகப் போற்றப்படுகிறது.

கற்பவை கற்றபின்
1. பெற்றோரின் துணையுடன் உங்கள் தடுப்பூசி அட்டையைக் கண்டு, இத்தடுப்பூசியின் தவணைகள் நிறைவுற்றனவா என அறிக. விடுபட்டிருப்பின் அரசு மருத்துவரிடம் அறிவுரை பெறுக.
2. ‘சராசரி எண் மறைக்கும் உண்மைகள்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.