லாபம், இரண்டு, மூன்று

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரை கிடைத்தது. ‘கிராமம் தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்டு, காலங்காலமாக மாறாமல் இருந்தது’ என்று தொடங்கியிருக்கிறாய். இரண்டு நாளாக அந்த வரி என்னை உறுத்துகிறது. அது உன் சொல்லே அல்ல. 1830-இல் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி, இந்தியக் கிராமங்கள் குட்டிக் குடியரசுகள் என்று எழுதிவைத்துப் போனார். நாம் இன்னும் சுமக்கிறோம்.

கீழத்தஞ்சையின் பாலக்குறிச்சியை எடுத்துக்கொள். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை ஊர் ஊராக விசாரிக்கச் சொல்லி 1918-இல் வெளியிட்ட நூலில் அந்த ஊர் இருக்கிறது. பிறகு வந்தவர்களும் அங்கே திரும்பத் திரும்பப் போய் விசாரித்தார்கள். நாகப்பட்டினம் பேருந்தில் உட்கார்ந்து அந்த நூலைப் படித்தேன். கீழ்வேளூர் வந்ததே தெரியவில்லை. அந்த வட்டாரத்துக்குத் தண்ணீர் குடகு மலையிலிருந்து வந்தாக வேண்டும். உப்பு வேதாரண்யத்து அளத்திலிருந்து. பிழைக்க வழியற்றவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். இதிலே தன்னிறைவு எங்கே இருக்கிறது?

என்னைக் கேட்டால், டெல்டா ஊரின் வரலாற்றை மரக்காலை வைத்தே எழுதிவிடலாம். களத்தில் நெல் அளப்பதைப் பார்த்திருக்கிறாயா? முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அப்புறம்தான் இரண்டு, மூன்று. பன்னிரண்டானால் ஒரு கலம். யாருக்கு லாபம் என்பது அளக்கிற கையில் இருந்தது. குவித்து அளந்தால் ஒரு கணக்கு, விளிம்போடு தலை தட்டி அளந்தால் இன்னொரு கணக்கு. பண்ணையாளுக்குக் கூலி அளக்கச் சின்ன மரக்காலையே தனியாக வைத்திருந்த மிராசுதார்கள் உண்டு. நாள் முழுக்கக் குனிந்து அறுத்தவள் மடியில் ஏந்திய நெல்லில் இரண்டு கை குறையும். அவளுக்கு அது தெரியும். கேட்க முடியாது.

ஆகவேதான் 1940-களில் விவசாயிகள் சங்கம் எழுந்தபோது, பண்ணையாளுக்குத் தண்டனையாகச் சாணியைக் கரைத்துப் புகட்டும் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்றதோடு முத்திரை மரக்காலும் கேட்டார்கள். அரசு முத்திரை குத்திய அளவையில் கூலி! நிலம் கேட்பதற்கு முன்னால் நேர்மையான ஒரு பாத்திரத்தைக் கேட்டிருக்கிறார்கள், தம்பி. இதைப் படித்த பிறகும் ‘அமைதியான கிராமம்’ என்று எழுதக் கை வருமா? 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் பின்னால், 1968 டிசம்பர் 25 இரவு, கூலிநெல் தகராறு முற்றிப்போன வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள்.

இன்று அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் வயலை முடித்துவிடுகிறது. களமும் இல்லை, ‘லாபம்’ என்ற குரலும் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் தார்ப்பாயை விரித்து வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அளவைதான் மாறியிருக்கிறது, அளப்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாறவில்லை.

உன் ஆத்தா வீட்டுப் பரணில் பழைய மரக்கால் கிடக்கும். இறக்கித் துடைத்து, முத்திரை இருக்கிறதா என்று விளிம்பைத் தடவிப் பார். ஆத்தாவை ஒரு தடவை நெல்லை அளக்கச் சொல்லி, கையை எப்படி வைக்கிறார் என்று கவனி. அதை எனக்கு எழுது. கட்டுரையை அதற்குப் பிறகு திருத்தலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்