சொல்லுக்குச் சொல் துணை: ஆங்கிலம் கற்க ஓர் எளிய வழி

 

தமிழ்வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் தடுமாறுவது சொற்கள் போதாமல்தான். அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்த சொல் ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறது. அதையே தெரிந்த சொல்லோடு சேர்த்துக் கட்டிவைத்தால் நிற்கும். இதற்கு உதவுவதுதான் 'அனாலஜி' எனும் சொல் ஒப்புமை.

"இமாமுக்கு மஸ்ஜித், ஆசிரியருக்கு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் "பள்ளிக்கூடம்" என்று சொல்லிவிடும். இதையே ஆங்கிலத்தில் கேட்போம்.

டெய்லர் : நீடில் :: கார்பென்டர் : ?
(அ) உட் (ஆ) ஹேமர் (இ) சேர்

மூன்றுமே தச்சரோடு தொடர்புள்ளவைதான். எனவே முதல் ஜோடியைத் தமிழில் ஒரு வாக்கியமாக்க வேண்டும்: 'டெய்லரின் கருவி நீடில்.' அதே வாக்கியத்தில் மற்றவற்றைப் பொருத்துங்கள். மரம் மூலப்பொருள், நாற்காலி செய்து முடித்த பொருள், சுத்தியல்தான் கருவி. விடை ஹேமர். ஒரே கேள்வியில் ஆறு சொற்கள் உறவோடு மனதில் பதிந்துவிட்டன.

மேலும் சில உறவுகள்:

• பகுதி, முழுமை – பேஜ் : புக் :: பிரிக் : வால்
• தாய், குட்டி – கவ் : காஃப் :: கோட் : கிட்
• குறைவு, மிகுதி – வார்ம் : ஹாட் :: கூல் : கோல்ட்

வரிசையை மாற்றக் கூடாது. 'புக் : பேஜ்' என்று கேட்டால் 'வால் : பிரிக்' என்பதே சரி.

இந்தப் பயிற்சி பரீட்சைக்கும் உதவும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 8ஆம் வகுப்பு மாணவர்கள் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வின் மனத்திறன் பகுதியில் ஒப்புமை வினாக்கள் வருகின்றன. தேர்வாகும் பிள்ளைக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பிள்ளையின் படிப்பு நிற்காமல் காக்கும் தொகை.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று தாய்மார்கள் ஒதுங்க வேண்டாம். "ஈரோட்டுக்கு மஞ்சள், பொள்ளாச்சிக்கு?" என்று தமிழில் நீங்கள் கேளுங்கள். உறவைக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை ஆங்கிலச் சொல்லை அகராதியில் தானே தேடிக்கொள்ளும். இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு ஜோடி போதும். ஓராண்டில் எழுநூறு ஜோடிகளைத் தாண்டிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.