அத்தனை மாவுப்பூச்சியும் எங்கே போயின?

கேள்வி: 2010ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் கொல்லையில் பப்பாளி, செம்பருத்தி எல்லாம் மாவு கொட்டியதுபோல் வெள்ளைவெளேரென்று ஆயின. சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், கடை மருந்து என்று எதை அடித்தாலும் சில வாரங்களில் மறுபடி வந்தது. கடைசியில் மரத்தையே வெட்டினோம். ஓரிரு வருடத்தில் தானாக அடங்கிவிட்டது. “மழை கழுவிக்கொண்டு போய்விட்டது” என்கிறார் என் மாமியார். அது சரியா? இப்போதும் இலைக்கடியில் நாலைந்து தெரிகின்றன. மறுபடி பெருகுமா?
– ஒரு வாசகி, வாலாஜாபாத்

பதில்: பூச்சி வந்தால் எப்படி ஒழிப்பது என்றுதான் பலரும் கேட்பார்கள். போன பூச்சி ஏன் போனது என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. அதற்காகவே தனி நன்றி.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. பலத்த மழை மாவுப்பூச்சியை இலையிலிருந்து அடித்துக்கொண்டு போகும். ஆனால் அடக்கி வைக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண்பூச்சி சில நூறு முட்டைகள் இடும். 300 என்றும் அதில் பாதி பெண் என்றும் வைத்துக்கொள்வோம். முட்டை வளர்ந்து தாயாக ஏறக்குறைய ஒரு மாதம். எல்லாம் பிழைத்தால் முதல் தலைமுறையில் 150 பெண்பூச்சிகள், இரண்டாவதில் 22,500, மூன்றாவதில் 33 லட்சத்து 75 ஆயிரம்! நூற்றில் தொண்ணூறை மழை கொன்றாலும், மிஞ்சிய பத்து ஒரே தலைமுறையில் கணக்கை நேர் செய்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழைக்குப் பிறகும் இது பெருகிக்கொண்டுதானே இருந்தது?

மருந்தின் கதையும் அதுவே. மாவுபோல் தெரிவது மெழுகு. தெளித்த நீர் அதில் வழுக்கி ஓடிவிடும். பூச்சியைத் தின்ன வரும் வளர்ந்த பொறிவண்டுகளுக்கு மெழுகுக் கவசம் கிடையாது. அவைதான் முதலில் சாகும்.

அப்படியானால் தீனி தீர்ந்துவிட்டதா? ஓரிடத்தில் உள்ள உணவும் இடமும் எத்தனை உயிர்களைத் தாங்குமோ, அந்த உச்ச அளவுக்குத் ‘தாங்குதிறன்’ என்று பெயர். அதைத் தாண்டினால் பட்டினியில் எண்ணிக்கை சரியும். ஆனால் இந்தப் பூச்சி பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, சாலையோரப் பார்த்தீனியம் என்று எதையும் விட்டுவைக்காது. அதற்கு ஏது பட்டினி?

உண்மைக் காரணம் அதன் பிறந்த ஊரில் இருக்கிறது. ‘பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்’ என்ற இந்தப் பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே இது பெரிய தொல்லையே இல்லை. அறிவியலார் இதற்குப் பெயர் வைத்ததே 1992இல்தான். தொல்லை தராததற்குக் காரணம், இதையே நம்பி வாழும் குட்டிக் குளவிகள். 2008இல் பூச்சி கோயம்புத்தூரில் தென்பட்டபோது, அந்தக் குளவிகள் இந்தியாவில் இல்லை. அந்த எதிரி இல்லாத நாட்டில் பூச்சி மளமளவென்று பெருகியது.

அதிகம் தவித்தவர்களில் பட்டுப்புழு வளர்ப்போரும் உண்டு. மல்பெரி இலையில் மருந்தடித்தால் அதைத் தின்னும் புழுவும் சாகும். பட்டை நம்பியிருக்கும் உங்கள் பக்கத்தவர்களுக்கு இதன் கனம் புரியும். 2010இல் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்துச் சோதித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி, அக்டோபர் முதல் வயல்களில் விட்டது. மூன்றில் ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்பது நன்றாக நிலைகொண்டது. இது ஓர் ஒட்டுண்ணிக் குளவி. அதாவது இன்னொரு பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, அதைத் தின்றே தன் குஞ்சை வளரவைப்பது. ஒரு மில்லிமீட்டர்கூட இராது, நம்மைக் கொட்டாது.

மழையால் முடியாதது குளவியால் எப்படி முடிந்தது? பூச்சி பத்து இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் மழை ஒரே பங்கைத்தான் கொல்லும். குளவி அப்படியில்லை. வீடுகள் நெருங்கிய தெருவில் பூக்காரம்மாவின் கூடை ஒரே நடையில் காலியாகும். தோட்டத்துக்கொரு வீடு என்றால் அலைச்சல்தான் மிச்சம். பூச்சி நெருக்கமாக இருந்தால் குளவி தேட வேண்டியதில்லை. முட்டையெல்லாம் போணியாகி, அதன் இனமும் பெருகும். பூச்சி அரிதானால் குளவியும் குறையும். எண்ணிக்கை கூடக்கூட இறுகி, குறையக்குறையத் தளரும் இந்தப் பிடிக்கு ‘அடர்த்தி சார்ந்த கட்டுப்பாடு’ என்று பெயர். ஓர் உயிரினத்தை நெடுங்காலம் அளவோடு வைப்பது இத்தகைய பிடிதான்.

பூச்சியைக் கொண்டே தொல்லையை அடக்குவது நம் மண்ணுக்குப் புதிதுமல்ல. 1795இல் சிவப்புச் சாயத்துக்காகப் பிரேசிலிலிருந்து கொச்சினியல் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது மட்டமான வகை, சாயம் சோபிக்கவில்லை. ஆனால் தென்னாட்டில் மண்டியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்று தீர்த்தது. இன்னொரு வகைக் கள்ளியை அடக்க, 1926இல் வேறொரு கொச்சினியல் இனத்தைத் தெரிந்தே வரவழைத்தார்கள். அதுவும் பலித்தது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இலைக்கடியில் தெரியும் அந்த நாலைந்துதான் குளவியின் சாப்பாடு. அவற்றையும் ஒழித்துவிட்டால் குளவி பட்டினியில் சாகும். பிறகு வெளியிலிருந்து ஒரு பூச்சி வந்தால் தடுக்க ஆளிருக்காது. அதனால் மருந்தை எடுக்காதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பாக உப்பி, ஓட்டை விழுந்த பூச்சிக்கூடுகள் தெரிந்தால் குளவி வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். எறும்பு மட்டும் மரமேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக அது குளவியை விரட்டும். மற்றதைக் குளவியிடம் விட்டுவிட்டு, தைரியமாக இன்னொரு பப்பாளிக் கன்று வையுங்கள்.