மிச்சம் கிடக்கிற ஸ்னோவைப் பாரும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்காபரோவில் மெஷின் திருத்தும் வேலையில் இறங்கிவிட்டீர் என்று அறிந்தேன். சந்தோஷம். முதல் பெரிய ஸ்னோ கொட்டிய மறுநாளே ஒருவர் புத்தம்புது ஸ்னோ புளோவரை வானில் ஏற்றிக்கொண்டு வந்து, "பாதி ஸ்னோவை விட்டுட்டுப் போகுது, ஏமாத்திப்போட்டாங்கள்" என்று நிற்பார். உடனே ஸ்பனரைத் தூக்காதேயும். டிரைவ்வேயைப் படம் எடுத்தாரா என்று கேளும். இல்லையென்றால் வீட்டுக்கே போய்ப் பாரும். மெஷின் விட்டுப்போன ஸ்னோ எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. புது மெஷினில் பாகம் உடைந்திருப்பது குறைவு. பொருத்தியதிலோ ஓட்டியதிலோதான் பிழை இருக்கும்.

அகலம் முழுக்க ஒரே கனத்தில் படலமாகக் கிடந்தால் ஸ்கிட் ஷூவைப் பாரும். பக்கெட்டின் இரு பக்கமும் தரையில் சறுக்கி வருகிற அந்தத் துண்டுகள்தான் பக்கெட்டின் அடி விளிம்பான ஸ்கிரேப்பர் பாருக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தீர்மானிக்கின்றன. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்வார்கள். ஷூவை இறக்கினால் பக்கெட் ஏறும். ஷூவை ஏற்றினால் பக்கெட் இறங்கும்.

ஆனால் ஷூவைத் தொடுவதற்கு முன் ரயரில் காற்றைப் பாரும். பெட்டியில் வரும் மெஷின்களுக்குப் பயணத்துக்கென்று காற்றைக் கூடுதலாக அடித்து அனுப்புவது வழக்கம். ஒரு ரயரில் 20 பி.எஸ்.ஐ., மற்றதில் 12 என்றிருந்தால் பக்கெட் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ஸ்னோவும் ஒரு ஓரத்தில் ஆப்பு மாதிரித் தடித்து, மறு ஓரத்தில் ஒன்றுமில்லாமல் போகும். ரயரில் எழுதியிருக்கிற அளவை மிஞ்சாமல் இரண்டையும் சமப்படுத்தும்.

பிறகு மட்டமான கராஜ் தரையில் நிறுத்தி, ஸ்கிரேப்பர் பாரின் இரு முனைக்கும் கீழே பெயின்ற் கலக்கும் தட்டைக் குச்சி ஒவ்வொன்று வையும். அதன் கனம் எட்டில் ஒரு இஞ்சி, அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். ஷூ நட்டுகளைத் தளர்த்தினால் ஷூ தானாகத் தரையில் இறங்கி நிற்கும். முன்னும் பின்னும் தூக்காமல் தட்டையாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்கும். சரளைக்கல் டிரைவ்வேக்கு இந்த அளவு கூடாது. அங்கே ஒன்றேகால் இஞ்சி விட வேண்டும், இல்லாவிட்டால் கல்லைப் பொறுக்கிப் பக்கத்து வீட்டு யன்னலுக்கு எறியும்.

இன்ரலொக் கல் பதித்த வீடுகளில்தான் வாக்குவாதம் வரும். தரை தெரியவேண்டும் என்று கேட்பார்கள். அதற்காகப் பாரை இறக்கினால், உறைபனியில் ஒரு கல் கொஞ்சம் மேலெழும்பியிருந்தாலே பார் அதில் முட்டும், மெஷின் கையை உதறும். அந்த 3 மில்லிமீற்றர் மிச்சத்தை உப்பும் வெயிலும் பார்த்துக்கொள்ளும் என்று நேரே சொல்லும். இரும்பு ஷூ கல்லில் கறள் கோடு போடும், பிளாஸ்ரிக் ஷூ மாற்றிக்கொடும். இந்த மெஷின் எதற்குப் பிறந்தது என்றும் சொல்லும்: 1925இல் கியூபெக்கில் ஆர்தர் சிக்கார் செய்த ஸ்னோ புளோவர், லொறி அடிச்சட்டத்தில் பூட்டிய பெரிய சாமான். 1927இல் ஊற்றமோன் நகரசபை அதை வாங்கியது. தெருவைத் திறந்துவிடத்தான் வாங்கினார்கள், துடைத்து மினுக்க அல்ல.

மிச்சம் படலமாக இல்லாமல் ஒரு பக்கம் முழுக் குவியலாகவே நின்றால் ஷியர் பின் போயிருக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு ஸ்னோவை அள்ளும் சுருளான ஓகரின் இரு பாதியையும் தடியால் தள்ளிப் பாரும். ஒரு பாதி மட்டும் தண்டின்மேல் சும்மா சுழன்றால் பின் முறிந்திருக்கிறது. டிசம்பரில் பெரும்பாலும் குற்றவாளி கிறிஸ்மஸ் விளக்கு வயர்தான். அந்தப் பின் முறியத்தான் செய்தது, கியர்பெட்டியைக் காப்பாற்ற. அதே வகைப் பின்னையே போடும். கடினமான போல்ட் போட்டால் அடுத்த தடவை கியர்தான் முறியும்.

ஸ்னோவைத் தின்னாமல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது என்றால், ஓகர் முழு வேகத்தில் சுற்றவில்லை. த்ரொட்டிலை முழு வேகத்தைக் குறிக்கும் முயல் படத்தில் வைத்தாரா என்று முதலில் கேளும். புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீளும், கேபிள் தொய்யும். இறுக்கும், ஆனால் அளவோடு: லீவரை விட்ட பிறகும் ஓகர் சுற்றுமளவுக்கு இறுக்கினால் ஆளின் காலுக்கு ஆபத்து.

டிரைவ்வேயின் நடுவில் இரண்டு கோடாக இறுகிக் கிடந்தால் அது மெஷினின் பிழையே அல்ல. கார் ஏறி மிதித்த ஸ்னோ அது. பக்கெட் அதன்மேல் ஏறிப் போகும். கியரைக் குறைத்து மெதுவாகப் போகச் சொல்லும். காரை எடுக்க முதலே அள்ளச் சொல்லும். பார ஸ்னோவில் பக்கெட் முழு அகலத்தையும் கொடுக்காமல் முன்போன தடத்தின்மேல் கொஞ்சம் ஏற்றி வந்தால் ஓரத்தால் வழிவதும் நிற்கும். பக்கெட்டை அழுத்தும் முன்பாரம், ஸ்னோவை எறியும் விசிறியான இம்பெல்லருக்கு ரப்பர் என்று ஒன்றையும் விற்கவேண்டாம், இவ்வளவும் பார்த்து முடிக்கும்வரை.

ஸ்னோ வெளியே பறக்கும் ஷூட் அடைத்தால் என்ன செய்கிறார் என்றும் கேட்டுவையும். கையை விடுவேன் என்று சொல்வார், எல்லோரும் சொல்வார்கள். எஞ்சின் நின்ற பிறகும் பெல்ட்டில் தேங்கிய இழுவிசை, அடைப்பு விலகியதும் இம்பெல்லரை ஒரு உதறு உதறும். விரல் போக அது போதும். மெஷினோடு வந்த பிளாஸ்ரிக் தடி எங்கே என்று கேட்டு, அவர் முன்னாலேயே அதைக் கொழுவிக் காட்டும்.

பில்லில் ரயர் காற்றையும் ஷூ இடைவெளியையும் எழுதிக்கொடும். அடுத்த வின்ரர் அதே மெஷின் வந்தால் என்ன மாறியிருக்கிறது என்று அந்தத் தாளே சொல்லும்.

அன்புடன்,
அண்ணன்