கீழ்க்காய்நெல்லியும் செங்கண்மாரியும்

மிளகாய், கத்தரிப் பாத்திகளிலும் வயல் வரம்புகளிலும் விதையாமலே முளைக்கும் கீழ்க்காய்நெல்லியை அறியாத கமக்காரர் இலர். களையென்று பிடுங்கி எறிபவரே, வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் அதனைத் தேடி அரைத்து மோரிற் கலந்து கொடுப்பர். இவ்வழக்கம் பழமையானது. ஆயினும் அச்சாறு நோயைத் தீர்க்கின்றதா என்பதை அறிவது எங்ஙனம்?

குடித்தவர் சுகமடைந்தார் என்பது மட்டும் சான்றாகாது. செங்கண்மாரியிற் சில வகை மருந்தின்றியே சில வாரங்களில் மாறிவிடும். புதிய பசளையொன்றைச் சோதிக்கும்போது, அதனை இடாத பாத்தியொன்றையும் அருகில் வைத்து ஒப்பிடுகின்றோமன்றோ? மருந்துச் சோதனையும் அத்தகையதே.

சோதனைக் குழாயில் இச்செடியின் சாறு, ஈரலைத் தாக்கும் பி வகை வைரசின் நொதியமொன்றை அடக்குவது முன்னரே காணப்பட்டிருந்தது. ஆனாற் குழாய் வேறு, மனித உடல் வேறு. எனவே, அவ்வைரசை நெடுங்காலம் உடலிற் கொண்டிருந்தோரிடம் சென்னையில் ஒரு சோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவு 1988 ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒரு சாராருக்கு உலர்ந்த செடித்தூளும், மற்றச் சாராருக்கு மருந்தற்ற குளிசையும் 30 நாட்கள் கொடுக்கப்பட்டன. தூளுண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரசின் அடையாளப் பொருள் மறைந்தது. மருந்தற்ற குளிசையுண்டு மீண்டும் சோதிக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. இது பெரிய நம்பிக்கையை ஊட்டியது. எனினும் பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. ஓரிடத்து விளைச்சலைக் கண்டு எல்லா மண்ணுக்கும் ஒரு நெல்லினத்தைச் சிபார்சு செய்ய இயலாமை போன்றதே இது.

செடியை இனங்காண்பதும் எளிதன்று. காய்கள் வழுவழுப்பாகச் சிறு காம்பில் தொங்குவது கீழ்க்காய்நெல்லி. தண்டு சிவந்து, காய்கள் காம்பின்றிச் சொரசொரப்பாக ஒட்டியிருப்பது வேறினம். விற்பனைக்குச் சேகரிப்போர் இரண்டையும் கலத்தலாகாது. பூச்சிநாசினி தெளித்த பாத்தியிலிருந்து பிடுங்குவது அதனினும் தீது.

யான் இதனை எழுதப் புகுந்த காரணம் வேறொன்று. சேற்றில் இறங்கும் நமக்குக் கண் மஞ்சளிப்பது எலிக்காய்ச்சலாலும் ஆகலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காற்புண் வழியே அக்கிருமி புகுகின்றது. 2008 ஆம் ஆண்டில் இந்நோய் ஐயத்துடன் இலங்கையில் 7,000 பேருக்கு மேற் பதிவாயினர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திற் சிலரின் உயிரைக் கவர்ந்த காய்ச்சலும் இதுவே. இதற்குக் கிருமிகொல்லி மருந்து உண்டு. தாமதித்தாற் சிறுநீரகம் பழுதுறும். கீழ்க்காய்நெல்லிச் சாற்றைக் குடித்து மூன்று நாட்கள் பொறுத்துப் பார்ப்போம் என்றிருப்பதே இங்கு பேராபத்து.

வயல் வேலைக்குப் பின் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எவையேனும் கண்டால் அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்க. வயலில் இறங்கியதையும் வைத்தியரிடம் கூறுக. உழவு தொடங்குமுன் தடுப்புக் குளிசை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்துக் கொள்க.